உப்புப் போட்ட ஐஸும் ஏற்பு ஊசியும்

குடும்பநல மருத்துவிச்சிகளாகப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பயிற்சிக்குப் போனவள். பிறகு தென்மராட்சிப் பக்கத்து ஒழுங்கைகளில் சைக்கிள் மிதித்தே காலத்தைக் கழித்தேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்திருக்கிறேன். பிழை ஏதும் கண்டால் அவரோடு கதைத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை உங்கள் நிலையத்துக்கு வந்து தடுப்பு மருந்து வைக்கிற குளிர்பெட்டியைப் பார்த்தேன். குளிர் குறைந்தாலும் மணி அடிக்கிறது, கூடினாலும் மணி அடிக்கிறது. மாமியாரைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற தங்கச்சியிடம், “ஏன் பிள்ளை, குளிர் கூடினால் உனக்கென்ன? மருந்துக்கு நல்லதுதானே?” என்று பகிடிக்குக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மணி அடிக்கும் அன்ரி” என்றாள்.

அந்தப் பிள்ளை கோபிக்கக்கூடாது. அவளுடைய பதிலுக்காகத்தான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் மருந்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படம் போட்டுப் படித்திருப்பீர்கள். நான் தாய்மாருக்குச் சொன்ன மாதிரிச் சொல்கிறேன். எங்கள் பெட்டிக்குள் இரண்டு வகை மருந்து இருந்தது. ஒன்று உயிருள்ளது. போலியோச் சொட்டு, தட்டம்மை என்கிற சின்னமுத்துக்குப் போடும் ஊசி, பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. எல்லாம் இந்த வகை. இவற்றுக்குள் இருப்பது உண்மையான கிருமிதான். ஆனால் குழப்படியை மறக்கும்வரை அடக்கி வளர்த்த கிருமி. உடம்புக்குள் போய்க் கொஞ்சக் காலம் குடியிருந்து, தன் முகத்தைக் காட்டி, இந்த முகத்தோடு நாளைக்கு எவன் வந்தாலும் உள்ளே விடாதே என்று உடம்பைப் பழக்கிவிட்டுப் போகும். உயிரோடு போனால்தான் அதற்கு வேலை. வெக்கை பட்டால் செத்துவிடும். குளிர் எவ்வளவு கூடினாலும் கவலையில்லை. போலியோச் சொட்டு கல்லாய் உறைந்து பிறகு இளகினாலும் ஒன்றும் ஆகாது. சின்னமுத்துத் தூளும் குளிருக்குப் பயப்படாது. ஆனால் அதைக் கரைத்துவிட்டால் அன்றைக்கே போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைத்திருங்கோ, தங்கச்சியின்ரை பிள்ளையையும் கூட்டிவாறன் என்று கேட்ட தாய்மார் உண்டு. பழங்கறி என்று நினைத்துவிட்டார்கள், பாவங்கள்.

மற்ற வகைக்கு உயிரில்லை. முக்கூட்டு ஊசியில் குக்கல் இருமலுக்காக இருப்பது செத்த கிருமி. தொண்டைக்கரப்பனுக்கும், ரெற்றனஸ் என்கிற ஏற்புவலிக்கும் இருப்பது கிருமிகூட இல்லை, அது கக்குகிற நஞ்சு. நஞ்சின் கெடுதலைக் கழற்றிவிட்டு முகத்தை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். ஏற்பில் ஆளைக் கொல்வது அந்த நஞ்சுதான் என்பதால் உடம்பு அதை அடையாளம் கண்டாலே போதும். ஆனால் உயிரில்லாத பொருளுக்கு உடம்பு அவ்வளவு மரியாதை கொடுக்காது. பார்க்கும், மறந்துவிடும். ஆகவே திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். அதோடு, ஊசி போட்ட இடத்தில் மருந்தைக் கொஞ்ச நாள் பிடித்துவைத்திருப்பதற்காகப் படிகாரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பொடி கலந்திருப்பார்கள். அதனால்தான் அது பார்வைக்குக் கலங்கலாக இருக்கும். இந்த மருந்து வெக்கையைக் கொஞ்சம் பொறுக்கும். உறைந்தால்தான் சரிவராது. உறைந்து இளகிய பிறகு அந்தப் பொடி திரைந்த பால் மாதிரிக் கட்டி பிடித்துவிடும். அதைப் போட்டால் கை நோகும், பாதுகாப்பு வராது.

ஆக, ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கு வெக்கை ஆகாது, மற்றதற்கு உறைகுளிர் ஆகாது. இரண்டு மருமக்களை ஒரே குசினியில் சமைக்க விட்ட மாதிரித்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிக் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுக்குப் பிந்தின காலம். சண்டையால் யாழ் குடாநாட்டில் கரண்ட் கிடையாது. எங்கள் பகுதி அலுவலகத்தில் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு குளிர்பெட்டி இருந்தது. அது மருந்தைக் குளிராக வைத்திருக்கும், ஆனால் ஐஸ் பிடிக்கிற சத்து அதற்கு இல்லை. அலுவலக வாகனமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஐஸ் இல்லாமல் போலியோச் சொட்டை வெயிலில் ஊர் ஊராகக் கொண்டுதிரிய முடியாது. அப்போது எங்களைக் காப்பாற்றியவர் கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் ஐஸ்கிறீம் கடை வைத்திருந்த கந்தையா அண்ணை.

கடை என்று பெயர்தான். சீனி கிடைத்த நாளில் ஐஸ்கிறீம், கிடைக்காத நாளில் ஐஸ்பழம், அதுவும் இல்லாத நாளில் குளிர்ந்த தண்ணீர். யாழ்ப்பாணத்தில் ஜெனரேற்றர் வைத்து ஓடின ஐஸ் ஆலையிலிருந்து மரத்தூள் போட்ட சாக்கில் அவருக்குக் கட்டி வரும். சாக்கை அவிழ்த்தவுடன் முதல் துண்டு எங்கள் கிளினிக்குக்குத்தான். கடைக்கு வந்தவர்கள் ஐஸ் கேட்டால், “பொறுங்கோ, பிள்ளையளின்ரை மருந்து முதலிலை” என்பாராம். நாங்கள் ஐஸைக் கழுவி பிளாஸ்ரிக் சொப்பின் பையில் போட்டு அடியில் வைப்போம். போலியோவை அதோடு ஒட்டி வைப்போம். மேலே மடித்த துவாய் விரித்து, அதற்கு மேலேதான் பிள்ளைகளின் முக்கூட்டும் தாய்மாரின் ஏற்பு ஊசியும். இதை எப்போதும் நானே செய்வேன். அவர் பக்கத்தில் நின்று, இவ்வளவு கொஞ்ச ஐஸ் காணுமோ என்று குறைப்படுவார். ஐஸை அளந்து வைப்பதே அவருக்குப் பிடிக்காது. சோற்றை அளந்து போடுகிற வீட்டில் சாப்பிட வந்தவர் மாதிரி முகம் கோணும்.

அவருடைய ஒரே மகள் வதனி. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. அந்த அமளியில் அவள் ஏற்பு ஊசி ஒன்றும் போட்டிருக்கவில்லை. தொப்புள்கொடியை எதனால் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரு கிழமைக்குள் முலையைப் பிடிக்க முடியாமல் வாயை இறுக்கிக்கொண்டது. பிறகு தொட்டாலும் வெளிச்சம் பட்டாலும் உடம்பு வில்லாக வளைந்தது. அது ஏற்புவலி. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இரண்டாம் முறை கர்ப்பமானபோது அவள் வயிறு வெளியே தெரியும்வரை யாருக்கும் சொல்லவில்லை. கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். எனக்குத் தெரியவந்ததே பிந்தி. முதல் ஏற்பு ஊசியை உடனே போட்டேன். இரண்டாவதை ஒரு மாதம் விட்டுப் போட வேண்டும்; அதுவும் பிரசவத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னாவது போட வேண்டும். அப்போதுதான் தாயின் உடம்பில் ஊறின பாதுகாப்பு பிள்ளைக்கும் போய்ச் சேரும். அந்த இரண்டாவது ஊசிக்குரிய கிளினிக் வந்தபோது அவளுக்கு எட்டாம் மாதம் முடிகிற நேரம். அதற்கடுத்த மாதக் கிளினிக் வருவதற்குள் அவள் பெற்றுவிடுவாள். ஆகவே அந்த ஒரு நாளில் அந்த ஒரு ஊசி அவளுக்குப் போயாக வேண்டும். இது எனக்கும் தெரியும், வதனிக்கும் தெரியும், எங்கள் எல்லாரையும்விடக் கந்தையா அண்ணைக்கு நன்றாகத் தெரியும். வினையே அதுதான்.

வழக்கமாகக் கிளினிக் நாள் காலையில்தான் சாரதி மருந்துப் பெட்டியைக் கொண்டுவருவார். அந்த முறை காலையில் றோட்டுத் திறக்குமோ தெரியாது என்று முதல் நாளே கொண்டுவந்துவிட்டார். நான் பக்கத்து ஊரில் ஒரு பிரசவத்தோடு நின்றேன். சாரதி பெட்டியைக் கடையில் வைத்து, மிஸி வந்து அடுக்குவா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்களை அந்தப் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கந்தையா அண்ணை மிஸியைக் காத்திருக்கவில்லை.

மறுநாள் கிளினிக் வாசிகசாலை மண்டபத்தில். தாய்மார் பிள்ளைகளோடு வாங்குகளில் நெருங்கியிருந்தார்கள். சிலர் கச்சாய்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள். கந்தையா அண்ணை சைக்கிள் கரியரில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, தானே கொண்டுவந்து இறக்கினார். மூடியில் மூன்று குறி திருநீறு பூசியிருந்தது. எனக்கு மனம் குளிர்ந்து போயிற்று. மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து வெள்ளைப் புகை எழும்பியது. கையை வைத்தவுடன் விரல் ஐஸோடு ஒட்டிக்கொண்டது.

“தொட்டுப் பாருங்கோ மிஸி,” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. “இப்பிடி ஒரு குளிரை உங்கடை கந்தோர்க் குளிர்பெட்டியும் கண்டிராது.”

துவாயைக் காணவில்லை. இடித்த ஐஸுக்குள் மருந்துப் போத்தல்கள் எல்லாம் கழுத்து வரைக்கும் புதைந்திருந்தன. ஐஸுக்கு இடையில் கட்டி உப்பு மினுங்கியது.

என்ன அண்ணை இது என்று கேட்டேன். அவர் தன் தொழில் இரகசியத்தை எனக்கு அன்போடு விளக்கினார். வெறும் ஐஸ் சும்மா குளிருமாம், பாலை இறுக வைக்காதாம். உப்பைப் போட்டால்தான் ஐஸ்கிறீம் இறுகுமாம். வதனியின் மருந்தும் இதற்குள்தான் இருக்கிறது என்பதால் ஒன்றுக்கு இரண்டு பங்கு உப்புப் போட்டாராம். விடியும்வரை சாக்கால் மூடியும் வைத்திருந்தாராம். அவர் பிள்ளையாரிடம் பாதுகாப்பைக் கேட்டார், உப்பிடம் குளிரைக் கேட்டார். உப்பு கேட்டதைக் கொடுத்துவிட்டது.

போலியோ உறைந்து கிடந்தது, அது கவலையில்லை. சின்னமுத்துத் தூளுக்கும் ஒன்றுமில்லை. முக்கூட்டில் ஒன்றை எடுத்தேன், கல். ஏற்பு ஊசி மருந்தில் ஒன்றை எடுத்தேன், அதுவும் கல். அடியிலிருந்த எல்லாம் கல். மேற்பக்கத்தில் இருந்த சில ஏற்புப் போத்தல்கள் மட்டும் தண்ணீராக இருந்தன.

என் முகத்தைப் பார்த்து அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. “என்ன மிஸி, குளிர் காணாதோ?” என்றார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வைத்திய அதிகாரியைக் கூப்பிட்டேன். அவருடைய பெயரை எழுதினால் மேலே இருந்தும் கோபிப்பார். வாயில் ஒரு பனங்கட்டித் துண்டை ஒதுக்கிவைத்துக்கொண்டு அளந்து அளந்து கதைக்கிற மனுசன். பெட்டியை எட்டிப் பார்த்தார். போலியோவைக் கையில் பொத்தி இளக வைத்துக் கொடுக்கத் தொடங்கச் சொன்னார். கல்லாய்ப் போன முக்கூட்டையும் ஏற்பையும் வேறாக எடுத்து வைக்கச் சொன்னார்; அவை உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் பலன் இல்லை என்றார். பிறகு தண்ணீராக இருந்த போத்தல்களைக் காட்டி, இவை உறையாமலே இருந்தனவோ, அல்லது உறைந்து வரும் வழியில் இளகினவோ, அதை அறிந்தால்தான் போடலாம் என்றார்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள், மணி அடிக்கிற பெட்டி வந்த பிறகு அதை மறந்தும் இருப்பீர்கள். கட்டாயம் உறைந்தது என்று தெரிந்த போத்தல் ஒன்றை இளக வைக்க வேண்டும். சந்தேகமான போத்தலையும் அதையும் நன்றாகக் குலுக்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உறைந்ததில் பொடி கட்டியாகிக் கெதியாக அடியில் இறங்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். நல்லது கலங்கலாகவே கனநேரம் நிற்கும். இரண்டும் ஒரே பெட்டியில் வந்த ஒரே தொகுதி மருந்தாக இருக்க வேண்டும்.

குலுக்கி வைத்தோம். டொக்டர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் போலியோச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். கந்தையா அண்ணை மட்டும் மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கண்ணைப் போத்தல்களின் உயரத்துக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் விளங்கப்படுத்தியிருந்தேன். இடது பக்கத்துப் போத்தல் உறைந்து கெட்டது, வலது பக்கத்தது சந்தேகம். வலது பக்கத்தது கலங்கலாய் நின்றால் வதனிக்கு இன்றைக்கே ஊசி.

வதனி மண்டபத்தின் மற்றப் பக்கத்தில், முறைக்குக் காத்திருந்தாள். தகப்பன் ஏன் குந்திக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

அரை மணித்தியாலம் ஆவதற்கு முன்னமே கந்தையா அண்ணை எழும்பி என்னிடம் வந்தார். மேசையைக் கையால் காட்டினார். நான் போய்ப் பார்த்தேன். இரண்டு போத்தலும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் போல நின்றன. அடியில் வெள்ளைக் கட்டி, மேலே தெளிந்த தண்ணீர்.

அவர் என்னை மண்டபத்துக்கு வெளியே கூப்பிட்டார். இதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

“மிஸி, உது உடம்புக்குக் கெடுதல் செய்யாது எண்டு டொக்டர் சொன்னவர்தானே,” என்றார். “அவளுக்கு உதிலை ஒண்டைப் போட்டுவிடுங்கோ. பிள்ளை நிம்மதியா நித்திரை கொள்ளட்டும். நான்தான் பழுதாக்கினனான் எண்டு மட்டும் அவளுக்குச் சொல்லாதேங்கோ.”

ஒரு கதைக்கு யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு ஐஸ் தந்த மனுசன். தன் கையாலேயே பேரப்பிள்ளையின் மருந்தைக் கெடுத்துவிட்டு நிற்கிறார். நான் ஊசி போட்டால் ஒருவருக்கும் தெரியாது. கை நோகும், அவளும் போட்டாச்சு என்று போய்விடுவாள். மனச்சாந்திக்கு ஒரு ஊசி. எனக்கு வாய் வரைக்கும் ஓம் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் உள்ளே இருந்த அத்தனை தாய்மாருக்கும் அதே மனச்சாந்தியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் ஊசி போடாத தாய் பயத்தோடு இருப்பாள். ஊசியைத் தேடி எங்கேயும் போவாள். கெட்ட ஊசி போட்ட தாய் பயமில்லாமல் வீட்டில் இருப்பாள். இரண்டாவது ஆளுக்குத்தான் ஆபத்து. இதை அப்போது இவ்வளவு கோவையாக நான் யோசிக்கவில்லை. முலையைப் பிடிக்க முடியாமல் இறுகின அந்தச் சின்ன வாய்தான் நினைவுக்கு வந்தது.

“அண்ணை, உதை நான் போடமாட்டன்,” என்றேன். “அவளிட்டையும் நானே சொல்லுறன். நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ.”

வதனியிடம் போய் வளைக்காமல் சொன்னேன். அதிகம் குளிரக் குளிர நல்லது என்று நினைத்து உன்ரை அப்பா மருந்தை ஐஸ்பழம் ஆக்கிப்போட்டார், இன்றைக்கு உனக்கு ஊசி இல்லை, ஆனால் நாளைக்குள் எப்படியும் வரும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். அவர் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

“அப்பாவுக்கு ஒண்டையும் அளவாச் செய்யத் தெரியாது மிஸி,” என்றாள். பிறகு மெல்லச் சிரித்தாள். முதல் பிள்ளைக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு அவருக்கு ஏச்சைவிடக் கூட நொந்திருக்க வேண்டும். முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டார்.

முக்கூட்டுக்கு வந்த தாய்மாரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஒருத்தி, நடந்து வந்ததற்குக் கூலியாகத் தன் பிள்ளைக்கு இரண்டு தரம் போலியோ விடச் சொன்னாள். டொக்டர் எல்லாரையும் கூப்பிட்டு, இரண்டு கிழமையில் திரும்ப வருவோம், பிள்ளைகளுக்கு அது பிந்தினதாகாது என்று சொன்னார். முக்கூட்டு கொஞ்சம் பிந்தலாம். வதனி பிந்த முடியாது. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

பகுதி அலுவலகத்தில் வேறு ஏற்பு மருந்து இல்லை. யாழ்ப்பாணத்துக் களஞ்சியத்தில் இருந்தது. வாகனத்துக்கு எண்ணெய் முடிந்துவிட்டது. வதனியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பலாம் என்றால் அந்த றோட்டில் எட்டாம் மாதக்காரி குலுங்கிக்கொண்டு போய், இடையில் பாதை பூட்டினால் எங்கே நிற்பாள்? டொக்டர் கொஞ்ச நேரம் பனங்கட்டியை மென்றார். பிறகு ஒரு துண்டு எழுதிக் கந்தையா அண்ணையிடம் நீட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தைக் கெடுத்த ஆளிடமே மருந்தை எடுத்துவர விடுவதா?

டொக்டர் என்னிடம் சொன்னார்: “இண்டையிலிருந்து இந்தக் குடாநாட்டிலை இவரைப்போல கவனமா ஒருத்தரும் மருந்து கொண்டுவரமாட்டினம்.”

கந்தையா அண்ணை துண்டை இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டியைக் கொண்டுபோகட்டோ என்று கேட்டார். பெட்டி வேண்டாம், சந்தைக்குக் கொண்டுபோகிற பனையோலை உமலும் ஈரத்துணியும் காணும் என்றார் டொக்டர். இந்த மருந்துக்கு ஒரு நாள் வெக்கை பெரிய காரியமில்லை, துணி காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிழலாகப் பார்த்து வாருங்கள் என்றார்.

“ஐஸ் கொஞ்சமும் வேண்டாமோ ஐயா?”

“ஒரு சொட்டும் வேண்டாம்.”

அப்போது அவர் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐஸ் விற்றே சீவித்த மனுசனைப் பார்த்து, உன் பேரப்பிள்ளையின் உயிரை ஐஸ் இல்லாமல் கொண்டுவா என்று சொல்லுகிறோம். கோயில் ஐயரைத் திருநீறு இல்லாமல் பூசைக்கு அனுப்பின மாதிரி. தலையை ஆட்டினார். ஆனால் மனம் ஆடவில்லை என்று தெரிந்தது. நான் பக்கத்தில் போய், அண்ணை, ஐஸ் ஆலைப் பக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மிதியுங்கோ என்றேன்.

மறுநாள் விடிய வெளிக்கிட்டுப் போனார். மத்தியானம் வரவில்லை. ஹெலி ஒன்று சாவகச்சேரிப் பக்கம் சுற்றுகிற சத்தம் கேட்டது. வதனியும் தாயும் படலையில் நின்றார்கள். நான் அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே வந்து இருந்தேன். என் வாய் தேவாரம் முணுமுணுத்தபடி இருந்தது. எந்தத் தேவாரம் என்று கேட்டால் தெரியாது, ஒன்றின் முதல் அடியும் இன்னொன்றின் கடைசி அடியுமாகப் போய்க்கொண்டிருந்தது. சிவபெருமான் இப்பவும் அந்தத் துண்டுகளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெயில் சாயத்தான் வந்தார். சேட்டு முழுக்கச் சேறு. உமல் மட்டும் சுத்தமாக இருந்தது. துணி ஈரமாக இருந்தது. உள்ளே போத்தல்கள் குளிரவுமில்லை, சுடவுமில்லை. ஒன்றைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால் மாதிரிக் கலங்கி அப்படியே நின்றது.

ஐஸ் ஆலைக்காரன் வழியில் கண்டு ஒரு கட்டி சும்மா தாறன் என்றானாம். கும்பிட்டுவிட்டு வந்தாராம். ஹெலி வந்தபோது மதகுக்குக் கீழே இறங்கி ஒளித்திருக்கிறார்.

“அதுக்குள்ளை இருந்துதான் மிஸி பட்டபாடு,” என்றார். “உமலை நெஞ்சோடை அணைச்சா சூடாகிப் போடுமோ எண்டு பயம். தள்ளிப் பிடிச்சா சூடு பட்டிடுமோ எண்டு பயம். பிந்தினது ஹெலிக்காரன் சுடுற சூடு மிஸி.”

அங்கேயே, முற்றத்து வேம்பின் கீழ் கதிரை போட்டு வதனிக்கு ஊசி போட்டேன். கந்தையா அண்ணை மற்றப் பக்கம் திரும்பி நின்றார். ஹெலிக்குப் பயப்படாத மனுசன் ஊசியைப் பார்க்க மாட்டாராம்.

நீங்கள் மருந்துகளின் பெயரையும் வகையையும் பாடமாக்குவீர்கள், அது தேவை. அதோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மருந்துக்கு நல்லது மற்ற மருந்துக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. எது உயிருள்ளது, எது உயிரில்லாதது, எதற்கு எது ஆகாது என்று தெரிந்தவளுக்கு மணி அடிக்கத் தேவையில்லை. மணி பழுதாகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்கள் முன்னால் அன்பான ஒருவர் வந்து நின்று, பரவாயில்லை, போட்டுவிடுங்கோ என்பார். அன்பில்லாதவர்களுக்கு மாட்டேன் என்று சொல்வது லேசு.

ஊசி போட்டு மூன்று கிழமைக்கு மேல் கழித்துத்தான் வதனி பெற்றாள். ஆண் பிள்ளை. நான்தான் பிரசவம் பார்த்தேன். அவித்த நூல், அவித்த கத்தரிக்கோல், கழுவின கை, அதில் ஒன்றையும் விடவில்லை. கந்தையா அண்ணை எனக்கு முதலே தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தார். அரைப் பானை போதும் என்றிருந்தேன். கிடாரம் நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு நாளும் தொப்புளைப் பார்க்கப் போவேன். முதல் பிள்ளை பால் குடிக்காமல் விட்ட நாள் எதுவோ, அதற்குச் சரியான நாள் வந்தது. அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கந்தையா அண்ணை கடையைத் திறக்கவில்லை. நான் போகும்போது படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், எங்கேயோ போகிறவர் மாதிரி. போகவுமில்லை. உள்ளே வாருங்கோ என்றேன். வரவில்லை.

“நீங்கள் போய்ப் பாத்துச் சொல்லுங்கோ மிஸி,” என்றார். “வாயைத் திறக்கிறானோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளேயிருந்து, அந்த ஒழுங்கை முழுவதும் கேட்க, அடித் தொண்டையிலிருந்து வீரிட்டு ஒரு அழுகை வந்தது. அதற்குப் பிறகு வதனியின் குரல்.

“அப்பா, உங்கடை பேரனுக்கு இந்தப் பக்கத்துப் பால் காணாதாம். மற்றப் பக்கமும் வேணுமாம்.”

கந்தையா அண்ணை சைக்கிளை விட்டுவிட்டார். அது வேலியில் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கி நிமிர்த்தாமலே அவர் உள்ளே போனார்.